குமிழி இல்லாத கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அக்கா தம்பியைப் பிடித்து ஆரஞ்சுக் கூடைக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். இடுப்பில் அவளுடைய பூப்போட்ட ஏப்ரன், கையில் கத்தி, எதிரே பழம் பிழியும் மெஷின். நாற்பத்தொரு வயது மனிதன். பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவனுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அதெல்லாம் வாசலுக்கு வெளியே. உள்ளே வந்துவிட்டால் அவன் வெறும் தம்பிதான்.

"கொட்டையோட பிழியாதடா, கசக்கும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா முட்டை வேகவைக்கப் போனாள். அவள் எந்த வேலையையும் ஒரு இடத்தில் நின்று செய்ததாகச் சரித்திரம் இல்லை. தையல் கடை வைத்திருப்பவள். பேன்ட் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது எல்லாம் செய்வாள். வாரம் ஆறு நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கெல்லாம் சேர்த்து ஏழாவது நாள் நடந்து தீர்த்துவிடுவாள்.

மாதத்தில் முதல் ஞாயிறு அக்கா வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். ஆரம்பித்துவைத்தவர் அத்தான். முப்பது வருடம் ஒரு பெரிய ஹோட்டலின் விருந்துக் கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவராக இருந்தவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். வரும்போது அங்கிருந்து இரண்டு விஷயங்களை மறக்காமல் கொண்டுவந்தார். ஒன்று, பதினோரு மணிக்குச் சாப்பிடுகிற பிரஞ்ச் என்னும் வழக்கம். காலைச் சாப்பாட்டிலும் சேராத, மதியச் சாப்பாட்டிலும் சேராத அந்தச் சாப்பாட்டை, காது சரியாகக் கேட்காத பெரியப்பா ஒரு வருடம் வரைக்கும் 'பிரெஞ்சுக்காரன் சாப்பாடு' என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்று மிமோசா. குமிழி விடும் ஒயினும் ஆரஞ்சுச் சாறும் கலந்த பானம். அதன் பெயரும் பெரியப்பா வாயில் படாதபாடு பட்டு 'மோசம்' என்று நின்றது. "எனக்கு இன்னொரு மோசம் குடும்மா" என்று அவர் கிளாஸை நீட்டும்போது சிரிக்காதவர்கள் அந்த வீட்டில் இல்லை.

அத்தான் சமையலறை மூலையில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு, ஐஸ் வாளிக்குள் கிடந்த பாட்டில்களைக் காவல் காத்தார்.

"மாப்ளே, சொல்லு பாப்போம். எது முதல்ல?"

"ஒயின் முதல்ல, அத்தான்."

"கிளாஸ்?"

"சாய்ச்சுப் பிடிக்கணும்."

"அப்புறம் ஜூஸ். ஓரமா, மெதுவா. கலக்கக் கூடாது, அதுவே கலந்துக்கும். தப்பித் தவறி ஜூஸ் மேல ஒயினை ஊத்தினே, அவ்வளவுதான், பொங்கி டேபிள் பூரா வழியும். என் கூடத்துல ஒருத்தன் அப்படிப் பண்ணி ஒரு வெள்ளைப் புடவையை நாசம் பண்ணான்."

மாதாமாதம் கேட்கிற கதைதான். தம்பி தலையை ஆட்டினான். இன்றைக்கு அவனுக்குக் கதையும் பிடித்திருந்தது, ஆரஞ்சு வாசனையும் பிடித்திருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு மனசு கொஞ்சம் தரையில் கால் வைத்திருந்தது. அதற்குக் காரணம் புதன்கிழமை அவன் பேசி முடித்திருந்த ஒரு ஃபோன்.

அந்த ஃபோனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் போன மாத ஞாயிற்றிலிருந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லோர் கையிலும் மிமோசா இருக்க, அவன் மனைவி மட்டும் வெறும் ஆரஞ்சுச் சாறு வாங்கிக்கொண்டாள். நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, யாருக்கும் தெரியாது என்று இருவரும் நினைத்தார்கள். அக்காவின் கண்ணைப் பற்றி அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. துணியில் அரை நூல் விலகினாலே கண்டுபிடிக்கிறவள் அவள். "இவ கிளாஸ்ல மட்டும் ஏன் குமிழி இல்ல?" என்று ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் சித்திக்கும் பெரியப்பாவுக்கும் எதிர்வீட்டுக்கும் விளங்கிவிட்டது. குடும்பத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ரேடியோ என்று பெயர். அது சும்மா வரவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தரித்த கரு. பத்தாவது வாரத்தில் போய்விட்டது.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவன் மனைவி அழுததைவிட அலமாரியை ஒழுங்குபடுத்தியதுதான் அதிகம். ஒருநாள் மடித்த துணியையே திரும்பவும் பிரித்து மடித்துக்கொண்டு சொன்னாள்: "முதல் ஞாயித்துக்கிழமை வருது. நான் வர்றேன். வராம இருந்தா அதுக்கும் ஒரு பேச்சு வரும். ஆனா என் வாயால அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். அதை மட்டும் நீங்க பாத்துக்கங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதைவிடச் சின்னதாக ஒரு பெண் என்ன கேட்க முடியும்?

நம் ஆள் பேச்சில் சளைத்தவன் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஏழு பேர் மூச்சுமுட்டிக் கத்தும்போது, ஸ்பீக்கர் வழியாக அவன் பேசுவதைக் கேட்க வேண்டும். "பதட்டப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். கதவைத் தள்ளாதீங்க. உங்க பேரு என்ன சொல்லுங்க" என்று தேன் ஒழுகும். முன்பின் தெரியாதவர்கள் அவன் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்துவார்கள். ஆனால் சொந்த வீட்டுத் துக்கம் என்று வந்தால் அவன் நாக்கு மடங்கிக்கொள்ளும். 'குழந்தை', 'போயிடுச்சு' என்ற இரண்டு வார்த்தையையும் சேர்த்து அவன் இதுவரை உச்சரிக்கவே இல்லை. டாக்டர் சொன்னபோதுகூட "சரிங்க, சரிங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தள்ளிப்போட்டு, புதன்கிழமை அக்காவைக் கூப்பிட்டான். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை விஷயமா... முன்னாடியே சொல்லிடறேன். விசேஷம் எதுவும் இல்லக்கா. அதனால..."

மெஷின் ஒரு கணம் நின்று, திரும்ப ஓடியது.

"விசேஷம் இல்லன்னா என்னடா? விசேஷம் இருந்தாத்தான் நீங்க வரணுமா? எப்பவும் போல வாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, போதுமா?"

அவன் ஃபோனை வைத்துவிட்டு லிஃப்ட் மெஷின் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதான். அக்காவா இது? நான்கு வருடத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் எதிரிலும் அவன் மனைவியைப் பார்த்து, "என்னம்மா, விசேஷம் எப்போ?" என்று கேட்டு, எட்டு மாதம் அவளை இந்த வீட்டுப் படி ஏறவிடாமல் செய்த அக்காவா? ஒரு கேள்வி கேட்கவில்லை, ஐயோ என்று ஒரு சத்தம் போடவில்லை. மனுஷிக்கு இத்தனை பெரிய மனசா என்று நெகிழ்ந்துபோனான். அன்று மாலையே மனைவியிடம் சொன்னான்: "அக்காகிட்ட சொல்லிட்டேன். எல்லாருக்கும் அவளே சொல்லிடுவா." அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அன்றைக்குத்தான் முழு இரவும் தூங்கினாள்.

அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. இன்று பத்தரை வரை கவுன்டரில் இருந்துவிட்டு, பஸ் பிடித்து பதினோரு மணிக்கு வருவாள்.

ஜூஸை மூன்றாவது தடவையாக வடிகட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தட்டில் கிளாஸ்களை அடுக்கினாள். உயரமான, ஒல்லியான கிளாஸ்கள். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியாக ஒன்றைத் தனியாக எடுத்து, அதன் காம்பில் பச்சை நூலை இரண்டு சுற்று சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, ஒரு குட்டி முடிச்சுப் போட்டாள்.

"அது யாருக்குக்கா?"

"யாருக்கா? நல்லாக் கேட்டே போ. உன் வீட்டுக்காரிக்குத்தான். ஒயின் படாத கிளாஸ். கை மாறிப் போச்சுன்னா வயித்துல இருக்கறதுக்கு ஆகுமா?"

அவன் கையிலிருந்த வடிகட்டி சாய்ந்து சக்கை மேஜையில் கொட்டியது.

"அக்கா... நான்தான் புதன்கிழமை ஃபோன்ல சொன்னேனே..."

"மறக்கலடா! விசேஷம் எதுவும் இல்ல, பெருசா எதுவும் பண்ணாதேன்னு சொன்னே. பண்ணினேனா? கேக் வாங்கணும்னு சித்தி குதிச்சா. வேண்டவே வேண்டாம், தம்பிக்குப் பிடிக்காது, சாதாரணமா இருக்கட்டும்னுட்டேன். யாரும் அவகிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு வாய்க்குப் பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன். இந்த ஒரு கிளாஸ் மட்டும்தான். இதுக்குமா கோவிச்சுக்குவே?"

மோசம் போனோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விசேஷம் என்ற ஒரே வார்த்தை. அவன் சொன்னது ஒன்று, அக்கா காதில் விழுந்தது வேறொன்று. அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் இப்போது திரும்ப நினைத்துப் பார்த்தான். விருந்தைப் பற்றி நினைத்து ஒருத்தி என்ன சொல்வாளோ, அதை அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்கு விஷயமே தெரியாது.

மணி பத்தேகால்.

"அக்கா, அது இல்ல. நான் சொன்னது..."

வாசல் மணி அடித்தது. அக்கா ஓடினாள். பெரியப்பாவும் சித்தியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். வந்த வேகத்தில் பெரியப்பா, "இன்னைக்கு மோசம் உண்டா?" என்று கேட்க, அக்கா வழக்கம்போல அவர் காதுக்குள் குனிந்து, "உண்டு பெரியப்பா, உண்டு!" என்று கத்தினாள். அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் அதைப் பெரியப்பாவின் இடது காதில் திரும்பச் சொல்வது அக்காவின் வேலை. வேறு யார் கத்தினாலும் அவருக்குக் கேட்பதில்லை. ரேடியோவுக்குப் பழகிய காது.

தம்பி பால்கனிக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டான். அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். தலைவலி என்று இங்கே ஏதாவது ஒப்பேற்றிவிடலாம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இப்பதான் கிளம்பறேன். பத்து நிமிஷம் முன்னாடியே விட்டுட்டாங்க. என்னங்க?"

அவள் குரலில் மூன்று வாரமாக இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. பின்னால் தெருச் சத்தம், அவள் செருப்புச் சத்தம்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து வரைக்கும் பயமா இருந்துச்சு. இப்ப இல்ல. யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம்னு நெனச்சாலே நிம்மதியா இருக்கு. அண்ணியை நான் தப்பா நெனச்சிட்டேன்னு தோணுது. அவங்களுக்குப் பிடிச்ச அந்தக் கைக் க்ரீம் ஒரு டியூப் வாங்கியிருக்கேன். நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான். பஸ் கெடைச்சுதான்னு கேக்கலாம்னு."

"இனிமேதான் ஏறணும். வெக்கறேன்."

என்ன மனுஷன் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அவனுக்கே அவன் மேல் வந்தது. பால்கனிக் கம்பியில் நெற்றியை ஒருமுறை முட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

அத்தானிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆண்பிள்ளை, நிதானமானவர், அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். குனிந்து, "அத்தான், அந்த நூல் கட்டின கிளாஸ் வேண்டாம்" என்றான்.

"ஏன்? ஒயின் குடிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரா?"

"இல்ல, டாக்டர் சொல்லல..."

"அப்புறம் என்ன மாப்ளே? இதுல எல்லாம் ரிஸ்க் எடுக்கக் கூடாது. என் கூடத்துலகூட இந்த மாதிரி இருக்கறவங்களுக்குன்னு தனித் தட்டு வெச்சிருப்போம்" என்று ஆரம்பித்துவிட்டார். தனித் தட்டின் வரலாறு முடிவதற்குள் சித்தி வந்து உருளைக்கிழங்கு வறுபட்டதா என்று கேட்டாள். அத்தான் அதற்குத் தாவிவிட்டார்.

மணி பத்து முப்பத்தைந்து. கடைசியில் அக்காவை அவன் மடக்கியது துவைத்த துணி காயப்போடும் சின்ன அறையில். மேஜை விரிப்பு எடுக்க வந்திருந்தாள். அவன் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, நில்லு. ரெண்டு நிமிஷம் வாயைத் திறக்காம நான் சொல்றதைக் கேளு."

"சொல்லாதடா. எனக்குத் தெரியும் நீ என்ன சொல்லப் போறேன்னு" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. அக்கா கண் கலங்கி அவன் பார்த்தது வாழ்க்கையில் இரண்டு தடவை. "நான் அவளைப் பழையபடி ஏதாவது பேசிடுவேன்னு பயப்படறே. பேச மாட்டேன்டா. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி விசேஷம் எப்போன்னு அவளைக் கேட்டேன் பாரு, அவ தட்டுல இருந்து கையை எடுத்துட்டா. திரும்ப வெக்கவே இல்ல. நாலு வருஷமா அந்தக் கை என் கண்ணுக்குள்ளயே இருக்கு. மன்னிப்புக் கேக்க எனக்குத் தெரியலடா. பழக்கமில்ல. அதான் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து கடைவீதி முழுக்க அலைஞ்சு நல்ல பழமாப் பொறுக்கிட்டு வந்தேன். அந்த ஒரு கிளாஸை அவ கையில குடுத்துட்டா எனக்குப் போதும். அதை மட்டும் நீ தடுத்துடாதே."

விரிப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவன் ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்றான். இவளிடம் எதைச் சொல்வது? எப்படிச் சொல்வது? சொன்னால் இவள் உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் அவள் உடைந்துபோவாள். நடு மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவனுக்குத் தெரிந்தது. ஸ்பீக்கரில் பேச அங்கே யாரும் இல்லை.

சமையலறைக்கு வந்தான். நூல் கட்டிய கிளாஸ் வழிய வழியச் சாறோடு தயாராக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எடுத்தான், ஒரே மூச்சில் குடித்தான், நூலைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான், கிளாஸைக் கழுவும் தொட்டியில் போட்டான். பிறகு மற்ற கிளாஸ்களைச் சாய்த்துப் பிடித்து, ஒயின் ஊற்றி, ஓரமாகச் சாறு ஊற்றி வரிசையாக வைத்தான். எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் குமிழி. அவள் வந்து இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். யாரும் கவனிப்பதற்குள் சாப்பாடு ஆரம்பித்துவிடும். சாப்பாட்டுக்கு அப்புறம் அக்காவிடம் எப்படியாவது சொல்லிவிடலாம். கெட்டிக்காரத்தனம் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.

"என் பச்சை நூல் கிளாஸ் எங்கே?" என்ற அக்காவின் குரல் வீட்டையே அதட்டியது. "யார் குடிச்சது?"

"பெரியப்பாவா இருக்கும்" என்றான் தம்பி. வெட்கம்கெட்டவன்.

அக்கா பெரியப்பாவின் காதில் குனிந்து விசாரிக்க, அவர், "எனக்கு இன்னும் ஒண்ணும் வரல, கண்ணுல காட்டவே இல்ல" என்று வருத்தப்பட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அரை நிமிஷம் ஆகவில்லை. இன்னொரு கிளாஸ், இன்னொரு துண்டு நூல், பல்லால் ஒரு கடி, ஒரு முடிச்சு. ஜாடியில் சாறும் மீதி இருந்தது. அவனே மூன்று தடவை வடிகட்டிய சாறு.

வாசல் மணி அடித்தது.

அவன் மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். நீலச் சட்டை, கையில் மருந்துக் கடைப் பை. பெரியப்பாவுக்கு வணக்கம் சொன்னாள். அக்காவிடம் டியூபை நீட்டினாள். "உங்க கைக்கு, அண்ணி. ஊசி குத்தின இடத்துக்கு நல்லது." அக்கா அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். நான்கு வருடத்தில் இப்படி இருவரும் நின்றதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு எங்காவது ஓடிவிடலாம்போல இருந்தது.

சித்தி அவளைச் சோபாவில் உட்காரவைத்து முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். அவள் தலையணையை ஒருமுறை பார்த்தாள்.

"நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்மா" என்றாள் சித்தி. "உங்க அண்ணி எல்லாம் சொல்லிட்டா."

"தெரியும், சித்தி" என்றாள் அவள். மெதுவாகச் சித்தியின் கையைத் தொட்டாள். "ரொம்ப நன்றி."

அவள் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள். சித்தி அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். இரண்டும் இல்லை என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் சமையலறை வாசலில் ஏப்ரனோடு மரம்போல நின்றான்.

அத்தான் நொண்டிக்கொண்டே வந்து எல்லோருக்கும் கிளாஸ் கொடுத்தார். அவன் மனைவி கிளாஸ் தட்டை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் அக்கா குறுக்கே புகுந்து, பச்சை நூல் கட்டிய கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து அவள் முன்னால் நீட்டினாள். ஒன்றும் பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தவள்தான். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அக்காவின் வாய் அக்காவின் பேச்சைக் கேட்காது.

"இது உனக்குன்னு தனியா. கொட்டை இல்லாம, சக்கை இல்லாம. இன்னும் ஆறு மாசத்துக்கு உனக்கு இதுதான், தெரியுதா?"

அவள் கிளாஸை வாங்கிக்கொண்டாள். நூலைப் பார்த்தாள். கிளாஸுக்குள் பார்த்தாள், குமிழி இல்லை. சித்தியின் சிரிப்பைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்னு சொன்னீங்களே" என்றாள்.

சத்தமாகக்கூட இல்லை. பஸ் டிக்கெட் எங்கே என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். 'பதட்டப்படாதே' என்று வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டான்.

அவள் எழுந்தாள். மேஜைக்குப் போய் ஐஸ் வாளியிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"ஏய், ஏய், என்ன பண்றே!" அக்கா சிரித்தபடியே ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்ப அதெல்லாம் கூடாதும்மா!"

"ஜூஸ் மேல ஊத்தாதே, பொங்கும்!" என்று கத்தினார் அத்தான்.

அவள் ஊற்றினாள். வெள்ளையாக நுரை ஏறி, கிளாஸின் விளிம்பு தாண்டி, பச்சை நூலை நனைத்து, அவள் விரலிலும் அக்காவின் விரலிலும் வழிந்து விரிப்பில் பரவியது. அவள் நிறுத்தவில்லை. பாட்டில் தீர்ந்தபிறகுதான் கீழே வைத்தாள்.

"விசேஷம் எதுவும் இல்ல, அண்ணி" என்றாள்.

புதன்கிழமை தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்ட அதே வாக்கியம். அக்காவின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் தம்பியைப் பார்த்தாள். பிடித்த மணிக்கட்டை விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன வாய் அது.

சொல்லவே முடியாது என்று சொன்னவள் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டியவன் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன சொல்றா?" என்றார் பெரியப்பா.

அவர் வழக்கம்போல இடது காதை அக்கா பக்கம் திருப்பினார். அக்கா அசையவில்லை. சித்தி தரையைப் பார்த்தாள். அத்தான் ஒரு துணியை எடுத்து, துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா சொல்றா அவ? யாராவது சொல்லுங்களேன்."

தம்பி நடந்துபோய் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"குழந்தை போயிடுச்சு, பெரியப்பா."

"ஆங்?" என்று அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "சத்தமாச் சொல்லுடா."

அவன் சத்தமாகச் சொன்னான்.